ரசம், ராசோன், ரீயூனியன்

“ரீயூனியனா? எந்த ஸ்கூல் ரீயூனியன்?”

விடுப்புக்கு விண்ணப்பித்தபோது நிலையத்தில் மூன்று பேர் இதையே கேட்டார்கள். நான்காவது ஆள் வாயைத் திறப்பதற்குள் கைப்பேசியில் வரைபடத்தை எடுத்துத் தயாராக வைத்துக்கொண்டேன். மடகாஸ்கருக்குக் கிழக்கே, மொரீஷியசுக்குப் பக்கத்தில், இந்தியப் பெருங்கடலில் ஒரு புள்ளி. பாரிசிலிருந்து 9,000 கிலோமீட்டருக்கும் அதிகமான தொலைவு. ஆனாலும் சட்டப்படி அது பிரான்ஸ். யூரோ செல்லும், பிரெஞ்சு பேசுவார்கள், காலையில் நீளமான பிரெஞ்சு ரொட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போவார்கள். தலைநகர் சான் டெனி. எழுத்தைப் பார்த்து ‘செயின்ட் டெனிஸ்’ என்று படித்தால் டாக்சி ஓட்டுநருக்குப் புரியாது. எனக்கு அது நடந்தது.

விசாக தினத்தை ஒட்டி மூன்று நாள் விடுமுறை. அதோடு இரண்டு நாள் விடுப்பு சேர்த்தால் ஐந்து நாள். புறப்படுவதற்கு ஆறு நாள் முன்புவரை எந்தத் திட்டமும் இல்லை. பாலி, பினாங்கு, புக்கெட் எல்லாம் வழக்கமான விலையைவிட மூன்று மடங்கு. பாங்காக்கிலிருந்து சான் டெனிக்கு ஒரு விமானம் போகிறது என்பது தேடும்போதுதான் கண்ணில் பட்டது. மலிவு என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பெயரைப் பார்த்ததும் விரல் நின்றுவிட்டது. அதற்குக் காரணம் ஏப்ரல் மாதம்.

ஏப்ரல் என்றால் சிங்கப்பூரில் தமிழ்மொழி விழா. வானொலிப் படைப்பாளர்களுக்கு அந்த மாதம் தீபாவளியைவிட வேலை அதிகம். கவிதைப் போட்டி, பட்டிமன்றம், நேர்காணல். வருகிற விருந்தினர் யாராக இருந்தாலும் பேச்சு கடைசியில் ஒரே கேள்விக்கு வந்து நிற்கும்: இன்னும் ஐம்பது ஆண்டில் இங்கே தமிழ் இருக்குமா? சிலர் இருக்கும் என்பார்கள், சிலர் பெருமூச்சு விடுவார்கள். நான் நேரத்தைப் பார்த்துக்கொண்டே அடுத்த பாடலுக்குப் போவேன். பதினோரு ஆண்டாக இந்த வேலையில் இருக்கிறேன். நேரலைப் புதிர்ப்போட்டிக்கு அழைப்பவர்களின் குரல்களை ‘ஹலோ’விலேயே அடையாளம் கண்டுவிடுவேன், ஏனென்றால் அவை அதே குரல்கள். இளைய நேயர்களும் இருக்கிறார்கள். தமிழில் கேட்கிறார்கள், ஆங்கிலத்தில் வாட்ஸ்அப் அனுப்புகிறார்கள். என் அக்கா மகனுக்கு நான் வானொலியில் பேசுவது பெருமைதான். “சித்தி, வாட் டிட் யூ சே?” என்று அவனே கேட்பான்.

அந்த மாதம் ஒரு நிகழ்ச்சிக்காக, தமிழர்கள் கப்பலேறிப் போன தீவுகளைப் பற்றிக் குறிப்பெடுத்தபோது ரீயூனியனுக்கு இரண்டு வரி எழுதியிருந்தேன்: ‘தமிழ்ப் பெயர்கள் உண்டு, கோயில்கள் உண்டு. வீட்டில் தமிழ் பேசுவோர் அநேகமாக இல்லை.’ எங்கள் ஐம்பது ஆண்டுக் கேள்விக்கு நூறு ஆண்டுக்கு முன்பே பதில் கிடைத்துவிட்ட ஊர். அதற்குத்தான் விமானம் போகிறது.

கணவருக்கு வேலை. அம்மாவுக்குக் கடப்பிதழ் செல்லுபடியாக இருந்தது. “பிரான்சுக்கா?” என்றார். “ஒரு மாதிரி பிரான்ஸ்” என்றேன். பெட்டியில் ஊறுகாய் வைத்துக்கொண்டார்.

பாங்காக்கில் ஓர் இரவு, பிறகு ஏழு மணி நேரத்துக்கும் மேல் கடல். சிங்கப்பூர் நேரத்துக்கு நான்கு மணி நேரம் பின்தங்கிய ஊர். விமான நிலையத்துக்கு ரோலன் காரோஸ் பெயர். டென்னிஸ் போட்டியால் நமக்குத் தெரிந்த அந்தப் பெயர், 1888இல் இதே சான் டெனியில் பிறந்த விமானியுடையது. 1913இல் மத்தியதரைக் கடலை இடையில் இறங்காமல் முதன்முதலாகப் பறந்து கடந்தவர். இது டாக்சியில் உட்கார்ந்து நான் அம்மாவுக்குச் சொன்ன பொது அறிவு. அம்மா கவனிக்கவில்லை. அவர் டாக்சி வானொலியைக் கவனித்துக்கொண்டிருந்தார்.

நானும் பிறகு அதைத்தான் கவனித்தேன். ஒரு பெண் பேசினார், முடித்தார். ஒரு முதியவர் வந்தார், கத்தினார், போய்விட்டார். ஓர் இளைஞன் சாலை நெரிசலைப் பற்றி ஏதோ சொன்னான். பாடல் இல்லை, விளம்பர இசை இல்லை, படைப்பாளர் இடையிடையே இரண்டு சொல் மட்டும் பேசினார். இது என்ன நிகழ்ச்சி என்று கைப்பேசி மொழிபெயர்ப்பு மூலம் ஓட்டுநரிடம் கேட்டேன். நிகழ்ச்சி இல்லை, இந்த நிலையமே அப்படித்தான் என்றார். அது ரேடியோ ஃப்ரீ டோம். 1981இல் கமீய் சுட்ர் என்ற மருத்துவர் தொடங்கியது. நேயர்கள் அழைத்துப் பேசுவதுதான் அதன் உயிர். நாய் காணாமல் போனாலும், மின்சாரம் போனாலும், மேயர் மேல் கோபம் வந்தாலும் அங்கேதான் கூப்பிடுவார்கள். தீவில் மிக அதிகமாகக் கேட்கப்படும் வானொலி என்று பெயர் வாங்கியதும் அதனால்தான். அதே உரிமையாளரின் தொலைக்காட்சி நிலையத்தின் ஒலிபரப்புக் கருவிகளை 1991இல் அரசு பறிமுதல் செய்தபோது, நகரின் ஷோட்ரோன் வட்டாரத்தில் கலவரம் வெடித்து எட்டுப் பேர் உயிரிழந்தார்கள். ஒரு நிலையத்துக்காகத் தெருவில் இறங்கும் நேயர்கள். கலவரத்தை நான் விரும்பவில்லை, நேயர்களைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன்.

அவர்கள் பேசியது பிரெஞ்சு இல்லை, கிரியோல். பிரெஞ்சுக்காரத் தோட்ட முதலாளிகள், மடகாஸ்கரிலிருந்தும் ஆப்பிரிக்காவிலிருந்தும் கொண்டுவரப்பட்ட அடிமைகள், பிறகு வந்த இந்தியர்கள், சீனர்கள் எல்லாரும் ஒருவரோடு ஒருவர் பேசிப் பேசி உருவான மொழி. பள்ளியிலும் அலுவலகத்திலும் நெடுங்காலம் அதற்கு மரியாதை இல்லை. இப்போது கூச்சமில்லாமல் வானொலி முழுக்க அதுதான். “கொமா ந்யி லே?” என்றால் எப்படி இருக்கிறீர்கள். நல்லா இருக்கேன் என்பதற்கு “லே லா.” ஓட்டுநர் கற்றுக்கொடுத்ததும் அம்மா சிரித்துவிட்டார். “பாத்தியா, இங்கேயும் லா போடறாங்க!”

அந்த நிமிடத்திலிருந்து அம்மா ஊர்க்காரராகிவிட்டார். நான்தான் வெளியூர்.

இதைச் சற்று விளக்க வேண்டும். பேச்சு என் பிழைப்பு. எங்கே போனாலும் தமிழ் இல்லையென்றால் ஆங்கிலம், அதுவும் இல்லையென்றால் கொஞ்சம் மலாய். சான் டெனியில் மூன்றும் உதவவில்லை. கடைக்குள் நுழைந்ததும் முதலில் ‘பொன்ஷூர்’ சொல்ல வேண்டும். சொல்லாமல் விலை கேட்டால் முகம் சுருங்கிவிடும். சொன்னால், எனக்குப் பிரெஞ்சு தெரியும் என்று நினைத்து மடமடவெனப் பேசுவார்கள். போதாக்குறைக்கு என் முகம். அந்தத் தீவில் ஏறக்குறைய 900,000 பேர் வாழ்கிறார்கள். அவர்களில் தமிழ் வம்சாவளியினர் கணிசமானோர். அவர்களை ‘மல்பார்’ என்று அழைக்கிறார்கள். வந்தது பெரும்பாலும் சோழமண்டலக் கரையிலிருந்து, பெயர் மட்டும் மலபார். என்னைப் பார்த்த எல்லாரும் உள்ளூர் மல்பார் என்றே நினைத்தார்கள். நம் ஜாடையில் ஒரு பெண், நம் அத்தை மாதிரியே கொண்டை போட்டவர், மளிகைக் கடையில் என்னிடம் ஏதோ கேட்கிறார், என்னால் வாயைத் திறக்க முடியவில்லை. சிங்கப்பூரில் நான் தமிழில் பேச, எதிரில் இருக்கும் பதின்ம வயதுப் பிள்ளை விழிக்குமே, அந்த விழிப்பு இப்போது என் முகத்தில்.

ஞாயிறு காலை ஷோட்ரோன் சந்தை. கலவரம் நடந்த அதே வட்டாரம், இன்று கூடை கூடையாகக் காய்கறி. யூரோ நாணயம் புழக்கத்துக்கு வந்த 2002 ஜனவரி 1 நள்ளிரவில், யூரோ கொடுத்து வாங்கிய முதல் பொருள் சான் டெனி சந்தையில் விற்ற லிச்சிப் பழம் என்று பெருமையாகச் சொல்வார்கள். நாங்கள் போன மே மாதம் லிச்சிக்குக் காலமில்லை. அம்மா ஒரு கீரைக்கட்டின் முன்னால் நின்றார்.

“முருங்கை” என்றார்.

“மூரூம்” என்றார் விற்பவர்.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அம்மா கீரையை உருவுவதுபோல் கையால் காட்டினார். அந்தப் பெண் தலையசைத்து, பக்கத்துக் கொத்தைத் தூக்கி “கலுபிலே” என்றார். கறிவேப்பிலை. கரம் மசாலா மாதிரி இருந்த பொடி ‘மசாலே’. அந்தப் பொடி போட்டுச் செய்யும் ஆட்டுக்கறி இங்கே பெயர்போனது. கோயில் பலிக்குப் பிறகு அதை வாழையிலையில் பரிமாறுவார்கள். ரசம் ‘ராசோன்’. கடித்துப் பார்த்தால் பருப்பு வடையேதான், ஆனால் சின்னது, நடுவில் ஓட்டை, பெயர் ‘பொன்பொன் பிமா’, அதாவது மிளகாய் மிட்டாய். வெண்ணெய் தடவிய ரொட்டிக்குள் அதை வைத்து நசுக்கிக் காலை உணவாகச் சாப்பிடுகிறார்கள். அம்மாவுக்கு இது அநியாயமாகப் பட்டது. இரண்டாவது ரொட்டியையும் சாப்பிட்டார்.

அரை மணி நேரம் இருவரும் பேசினார்கள். எத்தனை பிள்ளைகள், கீரையில் தேங்காய் போடுவீர்களா, முழங்கால் வலிக்கு என்ன செய்கிறீர்கள் என்பது வரைக்கும் போனது. நான் மொழிபெயர்ப்புச் செயலியை நீட்டியபோது அம்மா கையைத் தள்ளிவிட்டார்.

நகரத்தைச் சுற்றிப் பார்ப்பது எளிது. கடற்கரையில் பராஷுவா, வரிசையாகக் கடலைப் பார்க்கும் பழைய பீரங்கிகள். அங்கிருந்து மலைப் பக்கமாக ஏறும் பாரிஸ் தெருவில் வெள்ளை மர வேலைப்பாடுகளுடன் கிரியோல் மாளிகைகள். 1738இல் சான் டெனியைத் தலைநகராக்கியவர் ஆளுநர் லா பூர்தொனே. 1746இல் கப்பல் படையோடு போய்ச் சென்னைக் கோட்டையை ஆங்கிலேயரிடமிருந்து பிடித்தவரும் இவரேதான். நமக்குச் சென்னை வரலாற்றில் ஒரு வரி, அவர்களுக்கு ஊரை உருவாக்கியவர்களில் ஒருவர். மரேஷால் லெக்லேர் தெருவில் 1905இல் திறந்த நூர் எ இஸ்லாம் பள்ளிவாசல் உண்டு, குஜராத்திலிருந்து வந்த முஸ்லிம் வணிகர்கள் கட்டியது. அதே நீளத் தெருவில் காளிகாம்பாள் கோயிலும் உண்டு. நம் சவுத் பிரிட்ஜ் சாலையில் ஜாமிஆ சூலியா பள்ளிவாசலும் மாரியம்மன் கோயிலும் இருக்கிற மாதிரி. எரிமலை? இருக்கிறது, அடிக்கடி குமுறும், உலகப் புகழ் பெற்றது. நாங்கள் போகவில்லை. ஐந்து நாளில் எரிமலையும் பார்க்க வேண்டும் என்றால் ஊரைக் காரில் இருந்துதான் பார்க்க வேண்டும்.

ஞாயிறு மதியத்துக்குப் பிறகு கடைகள் மூடிவிடும் என்பதை மட்டும் போகிறவர்கள் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அம்மாவின் ஊறுகாய் அன்றுதான் வேலைக்கு வந்தது.

திங்கள் காலை காளிகாம்பாள் கோயில். கோபுர வண்ணங்கள், செருப்பு விடும் இடம், கற்பூர வாசனை எல்லாம் நம்முடையவைதான். எதிரே மகன்களுடன் வந்த பெண் கும்பிட்டுவிட்டுத் திருநீறு பூசினார். கழுத்தில் சிலுவை டாலர். இங்கே அது யாருக்கும் வியப்பில்லை. தேவாலயத்தில் ஞானஸ்நானம், கோயிலில் மொட்டை என்று இரண்டையும் செய்கிற குடும்பங்கள் பல. பெயரிலும் அதே கதை. முதல் பெயர் ழான், மரீ என்றிருக்கும், குடும்பப் பெயர் ராமசாமி, முத்துசாமி, வீரப்பிள்ளை. நம் வழக்கத்தில் அப்பா பெயர் ஒரு தலைமுறைதான் வரும், பிறகு மாறிவிடும். என் தாத்தாவின் அப்பா பெயர் எனக்குத் தெரியாது. பிரெஞ்சு அதிகாரிகள் கப்பலிறங்கியவரின் ஒற்றைப் பெயரைக் குடும்பப் பெயராக எழுதிவிட்டதால், 1860களில் கரையேறிய ஒரு முத்துசாமி இன்றைக்கும் பிள்ளைகளின் பள்ளிப் பதிவேட்டில் இருக்கிறார். எழுத்துக்கூட்டு பிரெஞ்சு, உச்சரிப்பு ‘மூத்தூசாமி’. ஆனாலும் அவர்தான்.

கோயில் திண்ணையில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். எழுபத்தைந்து வயது இருக்கும். மடியில் பள்ளிக்கூட நோட்டுப் புத்தகம், ஓரங்கள் பழுப்பு. உதடு அசைந்துகொண்டிருந்தது. அம்மா பழக்க தோஷத்தில் “வணக்கம்யா, நல்லா இருக்கீங்களா?” என்றார். பெரியவர் “வணக்கம்” என்று கை கூப்பினார், அதற்குப் பிறகு பிரெஞ்சு. பக்கத்தில் இருந்த பேரன், பல்கலைக்கழக மாணவர், ஆங்கிலம் பேசினார். அன்றைக்கு எனக்குக் கிடைத்த பெரிய வரம் அந்தப் பையன்.

தாத்தாவின் அப்பா ‘வர்த்தியால்’ என்றார் பேரன். ‘நார்ல்கோன்’ ஆடுகிற குழுவுக்கு வர்த்தியால். நார்ல்கோன் என்றால்? தியேட்டர், இரவு முழுக்க, கிரீடம் வைத்து, முகத்தில் வண்ணம் பூசி, மகாபாரதக் கதை. நான் இரண்டு மூன்று முறை அந்தச் சொல்லை வாய்க்குள் உருட்டினேன். நார்ல்கோன். நாட்கோன். நாடகம்! வர்த்தியால் வாத்தியார். தெருக்கூத்துதான். கரும்புத் தோட்டத்துக்கு வந்த கூலிகளோடு வந்து, தமிழ் போன பிறகும் தமிழிலேயே ஆடப்பட்ட கூத்து. பாடுகிறவருக்கும் பொருள் தெரியாது, பார்க்கிறவருக்கும் தெரியாது. கதை தெரியும், பாஞ்சாலி எப்போது அழுவாள் என்பது தெரியும். அது போதுமானதாக இருந்திருக்கிறது. தீ மிதிக்கும்போது அவர்கள் கூப்பிடும் ‘பாந்தியாலே’ யார் என்றும் அப்போதுதான் விளங்கியது. நம் மாரியம்மன் கோயில் தீமிதியில் நிற்கிற அதே பாஞ்சாலி.

பெரியவர் நோட்டை நீட்டினார். அவர் அப்பா பாடச் சொல்லி இவர் எழுதிக்கொண்டது. பக்கம் பக்கமாகத் தமிழ், ஆனால் பிரெஞ்சு எழுத்தில். சில இடங்களில் எங்கே ஒரு சொல் முடிந்து அடுத்தது தொடங்குகிறது என்றே தெரியவில்லை. அவர் விரல் ஒரு சொல்லில் நின்றது. “அடெகலோன்” என்று படித்தார். சிறு வயதிலிருந்து பாடுகிறேன், அம்மனைப் பார்த்துச் சொல்வது, இதற்கு என்ன அர்த்தம் என்று பேரன் வழியாகக் கேட்டார்.

என் மூளையில் எதுவும் ஓடவில்லை. ஒலிவாங்கிக்கு முன்னால் இப்படி நடந்திருந்தால் பாடல் போட்டுத் தப்பித்திருப்பேன். அம்மாதான் முனகினார்: “ரசம் ராசோன், நாடகம் நார்ல்கோன்...” கடைசி ‘அம்’ எல்லாம் ‘ஓன்’ ஆகிறது. திருப்பிப் போட்டால் அடெகலம். அடைக்கலம்.

ஆங்கிலத்தில் ‘ரெஃப்யூஜ்’ என்றேன். பேரன் தாத்தாவிடம் ‘ரெஃபூஜ்’ என்றார். பிரெஞ்சிலும் அதே சொல்தான். பெரியவர் நோட்டை மூடினார், திறந்தார். அழவெல்லாம் இல்லை. “ஆ, பொன்” என்றார். அப்படியா, சரி என்று அர்த்தம். பிறகு பேரனிடம் பேனா வாங்கி, சொல்லுக்கு மேலே சின்னதாக எழுதிக்கொண்டார்.

வெளியே வந்ததும் நான் பொரிந்து தள்ளினேன். எழுபது வருஷம் பொருள் தெரியாமல் பாடுவது எவ்வளவு துயரம், இதை நிகழ்ச்சியில் சொல்ல வேண்டும், நம் பிள்ளைகள் கேட்க வேண்டும் என்றெல்லாம். அம்மா சற்று நேரம் விட்டுவிட்டுச் சொன்னார்: “நான் தினமும் லலிதா சகஸ்ரநாமம் சொல்றேன். ஆயிரம் பேரு. எனக்கு எத்தனைக்கு அர்த்தம் தெரியும்னு நினைக்கிற?”

பதில் சொல்லாமல் நடந்தேன். இரண்டும் ஒன்றில்லை என்று இப்போதும் எனக்குத் தோன்றுகிறது. சமஸ்கிருதம் அம்மாவின் வீட்டுமொழியாக ஒருபோதும் இருந்ததில்லை. அந்தப் பெரியவரின் பாட்டிக்குப் பாட்டி ‘அடைக்கலம்’ என்ற சொல்லை அர்த்தம் தெரிந்தே சொல்லியிருப்பார். ஆனால் அந்தப் பெரியவரைத் தொலைத்தவராகப் பார்த்த என் பார்வையில் அம்மாவுக்கு உடன்பாடில்லை. சந்தைக்காரப் பெண்ணையும் அவரையும் அம்மா பாவம் என்று ஒருமுறைகூடச் சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை, விமானத்துக்கு முன் கிடைத்த அரை நாளில், நகருக்கு வெளியே கிராந்த் ஷலூப் போனோம். கடல்மேல் போகும் புதுச் சாலைப் பாலம் 5 கிலோமீட்டருக்கும் அதிகம், 2022இல் திறந்தது, பிரான்சிலேயே நீளமானது. அந்தப் பிரம்மாண்டத்தில் போய், மலையிடுக்கில் ஒதுங்கிக் கிடக்கும் கற்சுவர்களுக்கு வந்து சேர்ந்தோம். கப்பலில் வந்தவர்களை நோய் தொற்று பயத்தில் தனிமைப்படுத்தி வைத்த லாசரே. 1848 டிசம்பர் 20 அன்று தீவில் 60,000க்கும் மேற்பட்ட அடிமைகள் விடுதலையானார்கள். கரும்புக்கு ஆள் வேண்டும். புதுச்சேரி, காரைக்கால் வழியாகத் தமிழர்களை ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் ஏற்றினார்கள். 1860இல் பிரிட்டனோடு செய்துகொண்ட உடன்பாட்டால் பிரிட்டிஷ் இந்தியாவிலும் ஆள் எடுக்க முடிந்தது. நடத்தை மோசம் என்று புகார்கள் குவிந்து, 1882இல் பிரிட்டிஷ் அரசு அதை நிறுத்தியது. கப்பல் நின்றதும் ஊரிலிருந்து புதிய பேச்சும் நின்றது. மலாயாவுக்குக் கப்பல் நிற்கவில்லை. போனார்கள், வந்தார்கள், பத்திரிகை வந்தது, பள்ளிக்கூடம் வந்தது, பிறகு வானொலி வந்தது. நம் தமிழ் நம் பற்றினால் மட்டும் நிலைத்தது என்று மேடைகளில் பேசுகிறோம். கப்பல் அட்டவணைக்கும் அதில் பங்குண்டு.

இன்று சான் டெனியில் சில சங்கங்கள் தமிழ் வகுப்பு நடத்துகின்றன. பேரன் அதில் ஆறு மாதம் படித்தாராம், பரீட்சை வந்ததும் விட்டுவிட்டாராம். மறுபடி சேருவாரா என்று கேட்டேன். தோளைக் குலுக்கினார், பிரெஞ்சுக்காரர்கள் குலுக்குவார்களே அப்படி.

கோயிலிலிருந்து கிளம்பும்போது அவர் என் எண்ணை வாங்கிக்கொண்டார். நோட்டில் இருந்த பத்துப் பன்னிரண்டு சொற்களைக் கண்டுபிடித்து, அவர் கைப்பேசியில் பேசிப் பதிவு செய்து கொடுத்திருந்தேன். முதல் சொல்லை நான் சொன்னதுமே அம்மா, “நியூஸ் வாசிக்கிற மாதிரி வாசிக்காத. மெதுவா சொல்லு, அவருக்குப் புரியணும்” என்று தடுத்தார். மறுபடி எடுத்தோம்.

ஊர் திரும்பி மூன்று வாரம் கழித்து வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. நோட்டின் இன்னொரு பக்கம், நான்கு சொற்களுக்கு அடியில் கோடு. மூன்றை நானும் அம்மாவும் சாப்பாட்டு மேசையிலேயே பிடித்துவிட்டோம். நான்காவது ‘கோதலியே’. அம்மா அது ‘காத்தருளியே’ தேய்ந்தது என்கிறார். எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர், ‘கோட்டையிலே’தான், பாரதக் கூத்தில் கோட்டை வராமல் இருக்காது என்கிறார். அக்கா மகனிடமும் காட்டினேன். ‘கோதுமை’யா என்று கேட்டான். பெரியவரைப் பாடச் சொல்லிக் குரல்பதிவு அனுப்பும்படி பேரனிடம் கேட்டு, அது நேற்று வந்தது. ஒலிக்கூடத்தில் நல்ல ஹெட்ஃபோன் போட்டு ஏழெட்டு முறை கேட்டேன். இரண்டு மாதிரியும் கேட்கிறது.